மச்சாளுக்குச் சொல்லாத பயணம்

றெஜினாவும் அம்புறோசும் அதற்கு முன்பு பதினொரு தடவை மொன்றியலுக்கு வந்திருக்கிறார்கள். நான்கு தடவை மலையில் இருக்கும் சூசையப்பர் கோயிலுக்கு, ஆறு தடவை கலியாண வீடுகளுக்கு, ஒரு தடவை செத்தவீட்டுக்கு. பதினொரு தடவையும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்ட வேன் நேராகப் பார்க் எக்ஸ்ரென்ஷனில் அம்புறோசின் அக்கா திரேசம்மாவின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். இறங்கியதும் சோறு. சோறு முடியத் தேத்தண்ணி. தேத்தண்ணி முடிய, இரவுக்கு என்ன வைக்கலாம் என்ற கதை. ஆண்கள் கூடத்தில் இருந்து ரிவி பார்ப்பார்கள். றெஜினா குசினியில் வெங்காயம் உரிப்பாள். திரும்பிப் போகும்போது ஐஸ்கிறீம் டப்பாவில் நண்டுக்கறி நிரப்பி மடியில் வைத்து அனுப்புவார் திரேசம்மா.

மொன்றியல் எப்படி, வடிவான ஊரா என்று வேலையிடத்தில் யாராவது கேட்டால் றெஜினாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் கண்டது மச்சாள் திரேசம்மாவின் குசினியையும், கோயில் படிகளையும், கலியாண மண்டபங்களின் கார் தரிப்பிடத்தையும்தான்.

பன்னிரண்டாவது தடவை அப்படி இருக்கக் கூடாது என்று அவள் முடிவெடுத்தது, மகள் லக்சனா ஒரு கடித உறையைக் கொண்டுவந்து நீட்டிய அன்று. அப்பா அம்மாவின் முப்பதாவது கலியாண நாளுக்கு மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. ரயில் ரிக்கற், மொன்றியல் நகரின் நடுவில் ஒரு ஹோட்டலில் நான்கு இரவு. செவ்வாய்க்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவது.

"அக்காவுக்கு ஒருக்கால் சொல்லிப்போட்டு வாறன்," என்று அம்புறோஸ் தொலைபேசியை எடுத்தார்.

"வையுங்கோ," என்றாள் றெஜினா.

"ஏன்?"

"சொன்னா மச்சாள் ஹோட்டலிலை நிக்க விடுவாவோ?"

அம்புறோஸ் யோசித்தார். அக்கா விட மாட்டார். ஹோட்டலுக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

"சொல்லாமல் போனது தெரிஞ்சா?"

"தெரியாமல் போவம்."

கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்த முதல் கிழமையே அம்புறோசின் இரண்டு தம்பிமாரும் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்கள் போக றெஜினாவின் அம்மா வந்தார். அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். முப்பது வருசத்தில் இரண்டு பேரும் தனியாக ஓரிடத்துக்குப் போய்த் தங்கியதில்லை. றெஜினாவுக்கு வேலையோ, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில். பத்தொன்பது வருசமாக, விடுமுறைக்குப் பறக்கிறவர்கள் சாப்பிடப்போகும் தட்டுகளை அடுக்கி அனுப்பியவள். போகிறவர்களில் ஒருத்தியாக ஒரு தடவையாவது இருந்து பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் பிழை சொல்ல முடியாது.

அம்புறோசுக்கும் இது விளங்கியது. ஆனால் அக்காவை நினைக்கப் பயம். திட்டம் போட்டது அவர்தான். பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கம் போகவே கூடாது. தமிழ்க் கடைகள் உள்ள தெருக்கள் வேண்டாம். சூசையப்பர் கோயிலுக்கும் இந்த முறை போவதில்லை, அங்கே தெரிந்த ஆட்கள் எந்த நேரமும் நிற்பார்கள். "சூசையப்பர் கோவிக்க மாட்டார். அவரும் குடும்பகாரர்தானே," என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரயிலை விட்டு இறங்கிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே ஹோட்டலுக்கு வந்துவிட்டார்கள். ஒன்பதாம் மாடியில் அறை. யன்னலால் பார்த்தால் கூரைகளுக்கு மேலே மலையும் அதன் உச்சியில் நிற்கும் சிலுவையும் தெரிந்தன. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்த றெஜினா, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். அடுப்பு இல்லை. கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட இல்லை.

"என்ன, வேலை தேடுறீரோ?" என்று கேட்டுச் சிரித்தார் அம்புறோஸ்.

மறுநாள் விடிய அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, கட்டில் விரித்து, தலையணைகள் தட்டி, துவாய்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அது செய்ய ஆள் வருமப்பா."

"வாற பிள்ளை என்ன நினைக்கும்? எல்லாத்தையும் அலங்கோலமாப் போட்டுவிட்டுப் போறதே?"

"ராத்திரி ஆக்கள் இஞ்சை படுக்கவேயில்லை எண்டெல்லோ நினைக்கப் போகுது," என்றார் அவர். றெஜினா வெட்கப்பட்டு, ஒரு துவாயை மட்டும் எடுத்துக் கசக்கிக் குளியலறைத் தரையில் போட்டாள்.

புதன்கிழமை மழை. மழை என்றாலும் அந்த நகரில் கவலையில்லை. மெற்றோ நிலையங்களோடு சேர்ந்து நிலத்துக்குக் கீழே கடைகள் நீண்டுகொண்டே போகின்றன. றெஜினா ஒரு கூடையைக் கையில் எடுத்தாள். முதலில் ஒரு கைப்பை விழுந்தது.

"இது ஆருக்கு?" அம்புறோஸ் கேட்டார்.

"லக்சனாவுக்கு."

பிறகு ஒரு நீலச் சேட்.

"இது?"

"மருமகனுக்கு. டிலக்ஷனுக்கு நீலம் எடுப்பா இருக்கும்."

பிறகு வாசமெழுகுதிரி இரண்டு, வேலையிடத்தில் பக்கத்து மேசையில் நிற்கும் குணேஸ்வரிக்கு. ஒரு சின்னக் கம்பளித் தொப்பி, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கு. நான்காவது கடையிலும் அவள் ஒரு கூடையை எடுக்க, அம்புறோஸ் அதை அவள் கையிலிருந்து வாங்கி ஒரு பக்கமாக வைத்தார்.

"உமக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்னத்துக்கு?"

"உமக்கெண்டு ஒண்டு எடுக்காமல் இண்டைக்கு ஹோட்டலுக்குத் திரும்பக் கூடாது. சொல்லும், என்ன வேணும்?"

றெஜினா சுற்றிவரப் பார்த்தாள். எவ்வளவோ சாமான்கள் தொங்கின. அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரி வெறுமையாகவும் இருந்தது. "உண்மையாத் தெரியேல்லையப்பா," என்றாள். "ஆரும் கேட்டதில்லை. நானும் யோசிச்சதில்லை."

வழக்கமாகக் கடைகளுக்கு வந்தால் வாசலில் உள்ள வாங்கில் பைகளோடு குந்திவிடுகிற அம்புறோஸ், அன்று அவள் பக்கத்திலேயே நடந்தார். ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நின்றார். ஒரு பச்சைப் பாவாடையைக் காட்டி இது நல்லாயிருக்கும் என்றார், அது நன்றாக இருக்கவில்லை. மழை விட்டபோது வெளியே வந்து பழைய நகரத்துக் கல் பதித்த தெருக்களில் நடந்தார்கள். அங்கே ஒரு ஒடுங்கிய கடை முழுக்கத் தொப்பிகள்.

றெஜினா தொப்பி போட்டவளல்ல. குளிருக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி வேறு, இது வேறு. இது வெள்ளைக்காரச் சீமாட்டிகள் போடுவது. ஆனால் யன்னலில் கத்தரிப்பூ நிறத்தில், கொஞ்சம் அகன்ற விளிம்போடு ஒன்று இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு சற்று அதிக நேரம் நின்றுவிட்டாள்.

"போன்ஜூர்!" என்று கடைக்காரி வெளியே எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிசம் றெஜினா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கடைக்காரி தொப்பியைத் தலையில் வைத்து, ஒரு விரலால் இடது பக்கம் சரித்துவிட்டு, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா?" என்று றெஜினா கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? ஆனா சரியாச் சொல்லுறா," என்றார் அம்புறோஸ்.

றெஜினா தொப்பியோடேயே தெருவுக்கு வந்தாள். முதல் நூறு அடிக்கு எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஒருவரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

வியாழக்கிழமை அம்புறோசின் முறை. அவர் இருபத்திரண்டு வருசம் ரொறன்ரோவில் மரக்கறி மொத்தக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். விடுமுறையில் அவர் பார்க்க விரும்பிய ஒரே இடம் ஜான்-டலோன் சந்தை.

"லீவிலையும் தக்காளியோ?" என்றாள் றெஜினா.

"பெட்டியைத் தூக்காமல் சும்மா பாக்கிறதெண்டா அது வேறை சுகம்," என்றார் அவர்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சந்தை திரேசம்மாவின் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். ஆனால் அக்கா சனிக்கிழமைகளில் மட்டும்தான் சந்தைக்குப் போவார் என்பது அம்புறோசுக்கு நிச்சயம். முப்பது வருசமாக அப்படித்தான். "வியாழக்கிழமை விடிய ஒன்பது மணிக்கு அக்கா பூசை முடிஞ்சு வீட்டிலை கோப்பி குடிப்பா," என்று அடித்துச் சொன்னார். போதாக்குறைக்கு றெஜினா தொப்பி போட்டிருந்தாள். தொப்பிக்குள் இருப்பது றெஜினா என்று எவர் நினைப்பார்?

செப்டம்பர் முதற்கிழமை. சந்தை நிரம்பி வழிந்தது. மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக மிளகாய்கள், இலையோடு குவிந்த சோளம், கூடை கூடையாகத் தக்காளி. ஆட்கள் தக்காளியைப் பெட்டிக் கணக்கில் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்புறோஸ் கோயிலுக்குள் போனவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். ஒரு கடையில் தக்காளி அடுக்கியிருந்த விதம் அவருக்குப் பிடித்துவிட்டது. காம்பு கீழே, ஒன்றை ஒன்று நசிக்காமல். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, பக்கத்தில் நிற்பது றெஜினா என்று நினைத்துச் சொன்னார்.

"இது அளவுக்கு மிஞ்சிப் பழுத்துப்போச்சு."

"அப்ப குழம்புக்கு நல்லதுதானே," என்றது பக்கத்தில் நின்ற குரல்.

அம்புறோசின் கையிலிருந்த தக்காளி அப்படியே நின்றது. இரண்டு கடை தள்ளிப் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த றெஜினாவுக்கும் அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். சக்கரம் வைத்த சாமான் பையோடு, சாம்பல் நிறக் கார்டிகன் போட்டுக்கொண்டு திரேசம்மா நின்றார். அவருக்கும் அந்த நேரம்தான், தான் பதில் சொன்ன ஆள் யார் என்று உறைத்தது.

"அம்புறோஸ்?"

"அக்கா."

"நீ எப்ப வந்தனி? என்ன, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை… அப்பிடி ஒண்டும்… இப்பதான்… நேற்று…"

அறுபத்திரண்டு வயது மனிதர் பாடம் மறந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திக்கினார். ஓடிப்போய்ப் பூச்செடிகளுக்குப் பின்னால் நிற்கலாம் என்று றெஜினாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தொப்பி இருக்கிறது, மச்சாளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அம்புறோசின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை வந்தனாங்கள் மச்சாள். சனிக்கிழமை போறம். ஹோட்டலிலை நிக்கிறம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் இவரை மறிச்சனான்."

திரேசம்மா அவளைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"றெஜினாவோ?"

"ஓம் மச்சாள்."

திரேசம்மா கடைப்பக்கம் திரும்பினார். தக்காளிக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டதற்கு, ஒரு பெட்டியைக் காட்டினார். அம்புறோஸ் அதை வாங்கி அக்காவின் சக்கரப் பையில் வைத்தார். பிறகு மூன்று பேரும் சந்தையின் ஓரத்தில் இருந்த கோப்பிக் கடையில், ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் அங்கே போகலாம் என்று சொன்னது என்பது பிறகு றெஜினாவுக்கு ஞாபகமில்லை.

"சனிக்கிழமை கோயில் பெருநாள். அன்னதானத்துக்குத் தக்காளி என்ரை பொறுப்பு. அதுதான் இண்டைக்கு வந்தனான்," என்றார் திரேசம்மா, யாரும் கேட்காமலே. கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "சந்தைக்குள்ளை சொந்தத் தம்பியை ஆரோ வழியிலை போற ஆள் எண்டு நினைச்சுக் கதைச்சிருக்கிறன். எனக்கு அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

அம்புறோஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழைதான் மச்சாள்," என்றாள் றெஜினா. "ஒரு கோல் எடுத்திருக்கலாம். ஆனா எடுத்தா நீங்கள் வா எண்டுவீங்கள். நீங்கள் வா எண்டா எங்களாலை வராமல் இருக்க ஏலாது. கலியாணம் கட்டி முப்பது வருசத்திலை நாங்கள் ரெண்டுபேரும் தனியா ஒரு இடத்துக்கும் போனதில்லை. இந்த நாலு நாளும் எனக்கு வேணும்போலை இருந்தது."

எனக்கு வேண்டும் என்று மச்சாளிடம் அவள் இதுவரை சொன்னதேயில்லை.

திரேசம்மா கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஹோட்டலிலை விடியச் சாப்பாடு தருவினமோ?"

"தருவினம்."

"படுக்கை விரிப்பெல்லாம் ஆர் தோய்க்கிறது?"

"அவையள்தான்."

"அப்ப நல்லது," என்றார் திரேசம்மா. மூச்சு ஒன்றை நீளமாக விட்டார். "உண்மையைச் சொல்லட்டோ? நீர் கோவிக்கக் கூடாது. போன ஆடி மாசம் எங்கடை வீட்டிலை பதினாலு பேர் நிண்டவை. கோயிலிலை ஒரு பிள்ளையின்ரை முதல்நன்மைக்கு வந்த ஆக்கள். நான் குசினிக்குள்ளை பாயைப் போட்டுப் படுத்தனான். போனவை போக, விரிப்பும் தலையணை உறையும் தோய்ச்சு முடிய ஒரு கிழமை. ஆரும் வாறம் எண்டு ஃபோன் வந்தா முதல் எனக்குச் சந்தோசம்தான். ஃபோனை வைக்க முழங்கால் நோகத் தொடங்கும்."

அம்புறோஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஒரு நாளும் சொன்னதில்லையே அக்கா."

"எப்பிடிச் சொல்லுறது? தம்பி வீட்டுக்காரர் வரேக்கை வரவேண்டாம் எண்டு சொல்லுறதோ? வா எண்டு சொல்லித்தானே பழக்கம்." திரேசம்மாவுக்கு எழுபது வயது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை றெஜினா அன்றுதான் கண்டாள். "உங்களுக்கு ஹோட்டல் எண்டு கேட்டவுடனை எனக்கு என்ன வந்தது தெரியுமோ? முதல் கோவம் வந்தது. பேந்து பாத்தா, அது கோவமில்லை. எனக்கு இண்டைக்குச் சமைக்கத் தேவையில்லை!"

றெஜினாவும் சிரித்துவிட்டாள். இருபத்தொன்பது வருசமாக அந்தக் குசினியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் அது விருப்பமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டதே!

"நாளைக்கு எங்கை போறீங்கள்?" என்று திரேசம்மா கேட்டார்.

"கப்பல்லை," என்றார் அம்புறோஸ். "பழைய துறைமுகத்திலை ஏறினா ஆறு முழுக்கச் சுத்திக் காட்டுவினமாம். ஒண்டரை மணித்தியாலம்."

"ஓ." திரேசம்மா சந்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முப்பத்தஞ்சு வருசம் இஞ்சை இருக்கிறன். நான் அந்த ஆத்துத் தண்ணியைப் பாலத்தாலை போகேக்கை பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்ததுதான்."

அவர் கேட்கவில்லை. சும்மா சொன்னார். அம்புறோஸ் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, றெஜினாவைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் தானாகவே அக்காவைக் கூப்பிட்டிருப்பார், றெஜினா பிறகு அறைக்குள் போய் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அன்று அவர் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தனக்குப் பிடித்த நாளாக இருக்கும் என்று றெஜினா எண்ணிவைத்திருந்தாள். கப்பலின் முன்பக்கத்தில் இரண்டு பேரும் நிற்பதாக மனதில் ஒரு படம்கூட இருந்தது. அந்தப் படத்தில் மச்சாள் இல்லை. ஆனால் முழங்காலைத் தடவிக்கொண்டு எதிரே இருக்கும் இந்த மனிசியோடு வெங்காயம் உரிக்காமல் ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்க வேண்டும்போலவும் இருந்தது.

"நீங்களும் வாங்கோவன் மச்சாள். அத்தானையும் கூட்டிக்கொண்டு. கப்பலுக்கு மட்டும்."

"கப்பலுக்கு மட்டும்தான்," என்று திரேசம்மா உடனே சொன்னார். "பேந்து நாங்கள் வீட்டை போறம். நீங்கள் உங்கடை பாட்டிலை போங்கோ."

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். திரேசம்மா கோயிலுக்குக் கட்டும் மயில்கழுத்து நிறச் சேலை கட்டி, மேலே குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு, கணவர் பேனாட்டோடு துறைமுக வாசலில் அரை மணித்தியாலம் முன்பே வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நான் ஒண்டும் செய்துகொண்டு வரேல்லை," என்றார் றெஜினாவிடம், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல. "கட்லட் போடுவம் எண்டு அடுப்பு மூட்டினனான். பேந்து நிப்பாட்டிப்போட்டன்."

"நல்ல வேலை செய்தீங்கள்," என்றாள் றெஜினா.

பேனாட் அதிகம் பேசாத மனிதர். கலியாண வீடுகளில் அவரைச் சுவரோரக் கதிரையில் கண்டிருக்கிறாள். ஓம், இல்லை, சாப்பிட்டீங்களோ என்பதற்கு மேலே அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. இருபத்தாறு வருசம் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்கள் வந்திறங்கும் கிழக்குப் பக்கத்தில், ஒரு களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறியதும் அவர் நேராகப் போய் மேல்தட்டில் இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பக்கம் நில்லுங்கோ. இதாலைதான் எல்லாம் தெரியும்," என்றார். மற்ற மூன்று பேரும் போய் நின்றார்கள்.

கப்பல் கரையை விட்டு விலகியது. பழைய நகரத்தின் கோபுரங்களும் பெரிய சக்கர ராட்டினமும் பின்னால் போயின. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் சொன்னாள். பேனாட் அவளை முந்திக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார். இது தானியம் சேர்த்து வைத்த கட்டடம். இந்தப் பாலத்துக்கு மேலே குளிர்காலத்தில் காற்று எப்படி அடிக்கும். மாரியில் ஆறு உறையும்போது கப்பல்கள் எப்படி வரும். அந்த மனிதருக்குள் இவ்வளவு கதை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவும், ஒரு சொல்லும் விளங்காமலே, அவர் கை காட்டிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

பாலத்தைத் தாண்டி ஆறு அகன்றது. கரையில் பெட்டி பெட்டியாகக் கொள்கலன்கள், சிவப்பும் நீலமும் பச்சையுமாக, ஒன்றன்மேல் ஒன்று.

"திரேசா," என்றார் பேனாட். மனைவியை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை றெஜினா அன்றுதான் கேட்டாள். "உதிலை நீலக் கிரேன் தெரியுதோ? அதுக்கு இடப்பக்கம் வெள்ளைக் கூரை. அதுக்குள்ளைதான்."

"எது? அதோ?"

"ஓம். அதுக்கு முன்னாலைதான் நாங்கள் நிண்டு சாப்பிடுறது. வெய்யில் எண்டா வெளியிலை. குளிரெண்டா உள்ளை."

திரேசம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இருபத்தாறு வருசம் விடிய நாலரைக்கு எழும்பி அவர் கட்டிக் கொடுத்த சாப்பாடு போன இடம் அது. அங்கே ஒரு நாளும் அவர் போனதில்லை. அவர் போட்டுக்கு, அதாவது துறைமுகத்துக்குப் போகிறார் என்று கேட்பவர்களிடம் சொல்வார், அவ்வளவுதான். போட் என்றால் அவருடைய மனதில் யன்னல் இல்லாத ஒரு இருட்டு அறையாக இருந்திருக்கிறது. இங்கே பார்த்தால் கூரைக்கு மேலே எவ்வளவு வானம். முன்னால் எவ்வளவு தண்ணி.

"இவ்வளவு கிட்டவோ ஆறு?" என்றார். "விழுந்திருந்தா?"

"விழேல்லையே," என்றார் பேனாட்.

திரேசம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கூரை கண்ணுக்கு மறையும்வரை கையை எடுக்கவில்லை. றெஜினா மெதுவாக அம்புறோசின் முழங்கையைத் தொட்டு, "வாங்கோ, முன்னுக்குப் போவம்," என்றாள். இரண்டு பேரும் கப்பலின் முன்பக்கத்துக்குப் போனார்கள். அங்கே காற்று அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. றெஜினா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கப்பல் திரும்பிக் கரைக்கு வந்தபோது எல்லோருக்கும் பசி. பேனாட் வாங்கித் தருவேன் என்று பிடிவாதமாக நின்று, பொரித்த உருளைக்கிழங்குக்கு மேலே பாற்கட்டியும் சூடான குழம்பும் ஊற்றிய பூட்டின் நான்கு தட்டு வாங்கிவந்தார். "இதுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டா நல்லாயிருக்கும்," என்று திரேசம்மா சொன்னார். சொன்னாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு எழுந்து சேலையைத் தட்டினார்.

"சரி. நாங்கள் போட்டு வாறம்."

வீட்டுக்கு வாருங்கள் என்ற சொல் அவருடைய உதடு வரைக்கும் வந்தது றெஜினாவுக்குத் தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டது. "அடுத்த வருசம் வந்தா எந்த ஹோட்டல் எண்டு சொல்லுங்கோ," என்றார் திரேசம்மா. "அங்கை விடியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வாறம்." இரண்டு பேரும் மெற்றோவுக்கான படிகளில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

பின்னேரம் ஆறு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. அம்புறோசும் றெஜினாவும் ஆற்றை விட்டு மேலே ஏறும் சதுக்கத்தால் நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் படம் வரைகிறவர்கள். நரைத்த தலைமயிரைப் பின்னி விட்டிருந்த ஒரு பெண், றெஜினாவைக் கண்டு தன் வெறும் ஸ்டூல்களைக் காட்டினாள்.

"வேண்டாம், வேண்டாம்," என்றாள் றெஜினா.

"இருப்பமே," என்றார் அம்புறோஸ். "கால் நோகுது."

இருந்தார்கள். அந்தப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினாள். கிட்ட வாருங்கள் என்று. அவர்கள் ஒரு சாண் நகர்ந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள், இன்னும் கிட்ட. அம்புறோசுக்குத் தன் வலது கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், முழங்காலில் வைத்தார். கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்து வந்து, அந்தக் கையைத் தூக்கி றெஜினாவின் தோளில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை படத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துத் தாயிடம் ஏதோ சொன்னது. றெஜினாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு தோளில் இருந்த கையின் சூடு மட்டும் தெரிந்தது. அசையக் கூடாது என்பதால் இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கேயோ ஒருவன் அக்கோடியன் வாசித்துக்கொண்டிருந்தான்.

அரை மணித்தியாலத்தில் அந்தப் பெண் கடதாசியைத் திருப்பிக் காட்டினாள்.

"என்ரை மூக்கு இப்பிடியே?" என்றாள் றெஜினா.

"இப்பிடித்தான்," என்றார் அம்புறோஸ். "என்னைத்தான் கொஞ்சம் கிழவனாக்கிப்போட்டா."

"உங்களையும் சரியாத்தான் கீறியிருக்கிறா."

அந்தப் பெண் படத்தைச் சுருட்டி, ஒரு நாடாவால் கட்டி நீட்டினாள். "மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள் றெஜினா, அந்த நான்கு நாளில் முதல் தடவையாகக் கூச்சப்படாமல். பிறகு எழுந்து, கால் மரத்துப்போயிருந்த அம்புறோசுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.